மிரர் டிஸ்க்கில் ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போனால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

இரண்டு டிஸ்க்கில் மிரர் (ஒரே சரக்கை இரண்டிலும் எழுதி வைக்கும் ஏற்பாடு) போட்டுவிட்டால் தூக்கம் நிம்மதியாக வரும். ஒன்று செத்தால் இன்னொன்று இருக்கிறது. ஆனால் மிரருக்குத் தெரிந்ததெல்லாம் டிஸ்க் பதில் சொல்கிறதா இல்லையா என்பது மட்டும்தான். எழுதச் சொல்லி மேலிருந்து வருவது சரக்கா குப்பையா என்று அது பார்க்காது. குப்பை வந்தால் அதையும் இரண்டு பக்கமும் சிரத்தையாக எழுதி வைக்கும். அதனால்தான் டிஸ்க் இரண்டும் நலமாக இருந்தும் ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போகிறது. அப்போது பலரும் செய்யும் முதல் வேலை, ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் கருவியான எஃப்எஸ்சிகேவை ஓட்டுவது. அது கடைசி வேலையாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் குறிப்பு முழுவதும் நான் சொல்லப்போவது.

காரணம் இதுதான். எஃப்எஸ்சிகே, டிஸ்க்கிலிருந்து தான் படிப்பதையெல்லாம் உண்மை என்று நம்புகிறது. கேபிள் பொய் சொன்னாலும், ரேம் பொய் சொன்னாலும், மிரரின் இரண்டு பாதியும் ஆளுக்கொரு கதை சொன்னாலும், கிடைத்த கதைக்கு ஏற்றபடி ஃபைல் சிஸ்டத்தைத் திருத்திவிடும். அந்தத் திருத்தம் இரண்டு டிஸ்க்கிலும் பதிவாகிவிடும். ஆகவே கீழிருந்து மேலே வாருங்கள்: முதலில் டிஸ்க், பிறகு மிரர், அதன் பிறகே ஃபைல் சிஸ்டம்.

லினக்ஸில் எம்டி (கெர்னலே நடத்தும் மென்பொருள் ரெய்டு) வகை ரெய்டு 1, அதாவது மிரர், அதன் மேல் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் என்ற அமைப்பை வைத்துத்தான் பெரும்பாலும் சொல்கிறேன். எக்ஸ்எஃப்எஸ், பிட்டிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஆகிய மற்ற ஃபைல் சிஸ்டங்கள் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே தனியாகச் சொல்கிறேன். கமாண்டுகளை வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது நீங்கள் வழக்கமாகப் போடும் சின்ன எழுத்துகள்தான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

மெஷினை ரீபூட் செய்யாதீர்கள். கெர்னல் லாக் நினைவகத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபைல் சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆகிவிட்ட பிறகு வந்த வரிகள் டிஸ்க்கில் பதிவாகியிருக்காது. ரீபூட் செய்தால் ஒரே சாட்சியும் போய்விடும். அந்த லாக்கைக் காட்டும் டிமெசேஜ் கமாண்டின் வெளியீட்டை ஒரு யூஎஸ்பி டிரைவிலோ வேறு மெஷினிலோ சேமியுங்கள். ஒன்றும் முடியாவிட்டால் திரையைப் போனில் படம் எடுங்கள், தப்பில்லை.

அடுத்து மூன்று வெளியீடுகளையும் அதே போல வெளியே எடுத்து வையுங்கள். மிரரின் நிலையைக் காட்டும், ப்ராக் அடைவில் இருக்கும் எம்டிஸ்டாட்; மிரரை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கருவியின் எக்ஸாமின், இரண்டு பாதிக்கும் (மிரரில் உள்ள ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு பாதி) தனித்தனியாக; டிஸ்க் தன் உடல்நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கை ஸ்மார்ட்சிடிஎல் இரண்டு டிஸ்க்குக்கும் கொடுக்கும் முழு அறிக்கை. ஸ்மார்ட் அறிக்கையின் தலையில் சீரியல் எண் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி, எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ரீபூட்டுக்கு ரீபூட் இடம் மாறக்கூடியவை. ஒருமுறை எஸ்டிபிதான் கெட்டது என்று நிச்சயமாக நம்பி நான் கழற்றியது நல்ல டிஸ்க். ரீபூட்டில் பெயர்கள் மாறியிருந்தன. கெட்டதை வைத்துக்கொண்டு நல்லதைக் கையில் பிடித்தபடி நின்ற அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு, சீரியல் எண் பார்க்காமல் நான் எந்த ஸ்க்ரூவையும் தொடுவதில்லை.

இன்னொன்று. ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தால் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது என்று நினைக்காதீர்கள். எக்ஸ்ட்4 ரீட்-ஒன்லி மவுண்டிலும் ஜர்னலில் (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் இடம்) மிச்சம் இருப்பதை டிஸ்க்கில் எழுதித் தீர்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். உண்மையிலேயே எழுதாமல் பார்க்க வேண்டுமானால் எக்ஸ்ட்4-க்கு நோலோட் என்ற ஆப்ஷனும், எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு நோரிகவரி என்ற ஆப்ஷனும் சேர்க்க வேண்டும்.

அப்புறம், எம்டிஏடிஎம் கிரியேட். "மிரர் அசெம்பிள் ஆகவில்லையா, திரும்ப கிரியேட் செய்துவிடு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புதிய பதிப்பு எம்டிஏடிஎம், டேட்டா தொடங்கும் இடத்தைப் பழையது வைத்த இடத்தில் வைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இடம் மாறினால் எல்லாம் இருந்தும் ஒன்றும் தெரியாது. அதன் மேல் ரீசிங்க்கும் (ஒரு பாதியை மற்றதன் மேல் நகலெடுப்பது) ஓடிவிட்டால் இருந்ததும் போகும்.

அறிகுறி: ஓடிக்கொண்டிருந்த மெஷின் திடீரென்று ரீட்-ஒன்லி ஆகிவிட்டது

எந்த ப்ரோகிராமும் எழுத முடியாமல் புலம்புகிறது. டச் கமாண்டால் ஒரு கோப்பை உருவாக்கிப் பார்த்தால் ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம் என்று வருகிறது. உள்கட்டமைப்பில் முரண்பாட்டைப் பார்த்த எக்ஸ்ட்4, மேலும் கெடுக்க வேண்டாமென்று தானே கதவை மூடிக்கொண்டது என்று பொருள். நல்ல குணம்தான். ரீமவுண்ட் செய்து கதவை உடைக்காதீர்கள்.

லாக்கில் எக்ஸ்ட்4 பிழை வரியைக் கண்டுபிடியுங்கள். அந்த வரியை விட அதற்கு மேலே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். மேலே ஏடிஏ எக்ஸெப்ஷன், லிங்க் ரீசெட், ஐ/ஓ எரர் போன்ற வரிகள் இருந்தால் கோளாறு கீழே, வன்பொருளில். மேலே எல்லாம் அமைதியாக இருந்து, எக்ஸ்ட்4 மட்டும் தனியாகக் கத்தியிருந்தால், டிஸ்க் கேட்டதைக் கொடுத்திருக்கிறது, கொடுத்த சரக்குதான் தப்பு. அப்போது ரேம், அல்லது பாதிகள் வேறுபடும் மிரர் என்ற திசையில் யோசியுங்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆரோக்கியமான மிரரில் ஒரு டிஸ்க்கின் ஒரு செக்டர் படிக்க முடியாமல் போனால், அந்தச் செய்தி ஃபைல் சிஸ்டம் வரை வரவே வராது. எம்டி மற்றப் பாதியிலிருந்து படித்து மேலே கொடுத்துவிட்டு, படிக்க முடியாத இடத்தில் அந்த நல்ல சரக்கைத் திரும்ப எழுதிப் பார்க்கும். எனவே எம்டி0-வின் (மிரர் முழுவதற்குமான டிவைஸ்) பெயரிலேயே ஐ/ஓ எரர் வந்திருந்தால் ஒன்று, மிரர் ஏற்கெனவே ஒற்றைக் காலில் நின்றிருக்கிறது. அல்லது இரண்டு டிஸ்க்கும் ஒரே இடத்தில் கைவிட்டிருக்கின்றன. முதலாவதுதான் வழக்கமாக நடப்பது. எம்டிஸ்டாட்டைப் பாருங்கள்.

அறிகுறி: எம்டிஸ்டாட்டில் ஒரு யூ-தான் இருக்கிறது

அடைப்புக்குள் யூ இரண்டு இருந்தால் இரண்டு பாதியும் நலம். ஒரு யூவும் ஒரு அடிக்கோடும் என்றால் ஒரு பாதி வெளியே. எந்த எழுத்து எந்த டிஸ்க் என்பது ரெய்டுக்குள் அதற்குக் கொடுக்கப்பட்ட எண்ணைப் பொறுத்தது, அகர வரிசையைப் பொறுத்ததல்ல.

எம்டிஏடிஎம் எக்ஸாமின் காட்டும் ஈவென்ட்ஸ் எண்ணையும், அப்டேட் டைம் என்ற நேரத்தையும் இரண்டு பாதியிலும் ஒப்பிடுங்கள். எண் குறைவாக இருப்பது முன்பே வெளியேறியது. எத்தனை நாளைக்கு முன் என்று நேரம் சொல்லும். இங்கேதான் வயிறு கலங்கும்: மாதக்கணக்காக ஒற்றை டிஸ்க்கில் ஓடியிருப்பதும், அறிவிப்பு மெயில் யாரும் திறக்காத பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரியவரும்.

வெளியேறிய டிஸ்க்கை உடனே ஆட் செய்து ரீபில்ட் தொடங்கிவிடாதீர்கள். ரீபில்ட் என்பது மிஞ்சியிருக்கும் டிஸ்க்கை முதல் செக்டரிலிருந்து கடைசி வரை படிப்பது. அது நலமா என்று முதலில் பாருங்கள். ஸ்மார்ட் பட்டியலில் 5 என்ற எண், கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் முடிவெடுக்கக் காத்திருப்பவை. 198, சோதனையில் படிக்கவே முடியாதவை. மிஞ்சிய டிஸ்க்கில் 197 பூஜ்யமாக இல்லாவிட்டால், ரீபில்ட் பாதியில் முட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அப்படியானால் ரீபில்டை மறந்துவிட்டு, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவால் அந்த டிஸ்க்கைப் புதிய டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுக்க மறக்க வேண்டாம். முதல் ஓட்டத்தில் சுரண்டும் வேலையைத் தவிர்க்கச் சொல்லிவிட்டு எளிதாகக் கிடைப்பதை அள்ளுங்கள்; அடுத்த ஓட்டத்தில் மிச்சத்துக்கு மூன்று முறை முயலச் சொல்லுங்கள்.

அதன் பிறகும் சில ஓட்டைகள் மிஞ்சினால் மிரர் வைத்திருந்ததன் பலன் இப்போது கிடைக்கும். வெளியேறிய டிஸ்க் சமீபத்தில்தான் வெளியேறியது, பார்ட்டிஷன் அமைப்பும் டேட்டா தொடங்கும் இடமும் இரண்டிலும் ஒன்று என்றால், அதே மேப் ஃபைலை வைத்துக்கொண்டு மூலத்தை மட்டும் அந்தப் பழைய டிஸ்க்காக மாற்றி ஓட்டுங்கள். டிடிரெஸ்க்யூ ஏற்கெனவே கிடைத்ததைத் தொடாது. ஓட்டைகளை மட்டும் நிரப்பும். வெளியேறி வெகுநாள் ஆகியிருந்தால் இது வேண்டாம், பழைய துண்டைப் புதிய துணியில் தைத்த மாதிரி ஆகிவிடும்.

199 என்ற எண் மட்டும் ஏறியிருந்து, 5, 197, 198 எல்லாம் பூஜ்யமாக இருந்தால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே கேபிளில் நடந்த பிழைகளின் எண்ணிக்கை அது. கேபிளை மாற்றுங்கள். எண் பழையபடி குறையாது, மேலே ஏறாமல் நிற்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

எல்லா எண்ணும் சுத்தம், ஆனாலும் டிஸ்க் அடிக்கடி வெளியே தள்ளப்படுகிறது என்றால் நேரக்கெடு பொருத்தத்தைப் பாருங்கள். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் நிமிடக்கணக்கில் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். கெர்னல் 30 விநாடியில் பொறுமை இழந்து லிங்க்கை ரீசெட் செய்யும். டிஸ்க் கைவிடும் நேரம் கெர்னலின் நேரத்தை விடக் குறைவாக இருக்க வேண்டும். ஸ்மார்ட்சிடிஎல்லில் எஸ்சிடிஇஆர்சி என்ற அமைப்பில் 70, 70 என்று கொடுத்தால் 7 விநாடி. பல டிஸ்க்குகள் மின்சாரம் போய் வந்தால் இதை மறந்துவிடும், பூட் ஸ்கிரிப்ட்டில் போட வேண்டும். டிஸ்க் இதை ஏற்கவே இல்லையென்றால் எதிர்ப்பக்கத்தை மாற்றுங்கள்: சிஸ் அடைவில் அந்த டிஸ்க்கின் டைம்அவுட் எண்ணை 180 ஆக்குங்கள்.

அறிகுறி: ஒரு தடவை சோதித்தால் பிழை, மறு தடவை சுத்தம்

ஆளைப் பைத்தியமாக்கும் அறிகுறி இதுதான். எம்டிஸ்டாட்டில் யூ இரண்டும் இருக்கின்றன. ஸ்மார்ட் சுத்தம். ஆனால் ஒரு கோப்பின் ஷா256 தொகை (உள்ளடக்கத்தின் கைரேகை போன்றது) காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று. எஃப்எஸ்சிகேவைப் பார்க்க மட்டும் விட்டால் ஒருமுறை நான்கு பிழை, அடுத்த முறை ஒன்றுமில்லை.

ரேமைச் சந்தேகிப்பது சரி. ஒரு இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிடுங்கள். ரேம் தேறிவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்: இரண்டு பாதிகளும் வேறுபடுகின்றன. எம்டி ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு பாதியை மட்டும்தான் கேட்கிறது. எந்தப் பாதி ஓய்வாக இருக்கிறதோ, எதன் தலை அருகில் இருக்கிறதோ அதை. இரண்டையும் படித்து ஒப்பிடுவதில்லை. ஆகவே உங்களுக்கு வரும் பதில், அந்த நொடியில் எந்த டிஸ்க் வாய் திறந்தது என்பதைப் பொறுத்தது.

பாதிகள் எப்படிப் பிரிகின்றன? மிரரில் சேர்ந்திருக்கும் ஒரு பாதியை யாரோ நேரடியாக மவுண்ட் செய்து எழுதியிருப்பார்கள். எம்டி தன் குறிப்புகளை வைக்கும் மெட்டாடேட்டாவின் 0.90, 1.0 வகைகள் டிஸ்க்கின் கடைசியில் உட்காருவதால், அந்தப் பாதி பார்ப்பதற்குத் தனி ஃபைல் சிஸ்டம் போலவே இருக்கும். ஒரு லைவ் சிடி அதை மகிழ்ச்சியாக மவுண்ட் செய்யும். அல்லது எம்டி0-வில் ஓட்ட வேண்டிய எஃப்எஸ்சிகேவை எஸ்டிஏ1-இல் ஓட்டியிருப்பார்கள். கெட்ட கேபிள், எழுதிவிட்டேன் என்று பொய் சொல்லும் டிஸ்க் கேஷ், இவையும் செய்யும்.

உறுதிப்படுத்த, சிஸ் அடைவில் எம்டி0-வுக்குரிய சிங்க் ஆக்ஷன் என்ற கோப்பில் செக் என்று எழுதுங்கள். முழு டிஸ்க்கையும் படித்து ஒப்பிட்டு முடித்ததும் மிஸ்மேட்ச் எண்ணிக்கையைப் பாருங்கள். இது 512 பைட் செக்டர் கணக்கு. ஆனால் ரெய்டு 1-இல் 64 கிலோபைட் துண்டாக ஒப்பிடுவதால், ஒரே ஒரு பைட் வேறுபட்டாலும் 128 என்று காட்டும். 128-ஐப் பார்த்து மிரள வேண்டாம். ஸ்வாப் வைத்திருக்கும் மிரரில் இந்த எண் பூஜ்யமாக இல்லாதது சகஜம், கவலையில்லை. கோப்புகள் இருக்கும் மிரரில் கவலைப்படத்தான் வேண்டும்.

அடுத்த வார்த்தையாக ரிப்பேர் என்று எழுதக் கை துடிக்கும். நில்லுங்கள். இரண்டு பாதி மட்டும் இருக்கும்போது எது உண்மை என்று எம்டிக்குத் தெரியவே தெரியாது. முதலில் படித்த பாதியை மற்றதன் மேல் எழுதிவிடும். பூவா தலையா போடுவதற்குச் சமம்.

யார் சொல்வது உண்மை என்று நீங்களே விசாரிக்க வேண்டும். மிரரை அன்மவுண்ட் செய்து ஸ்டாப் செய்யுங்கள். எக்ஸாமின் வெளியீட்டில் டேட்டா ஆஃப்செட் என்ற எண் இருக்கும், செக்டர் கணக்கில். உதாரணமாக 264192 என்றால் 512-ஆல் பெருக்க 135266304 பைட். லோசெட்டப்பில் ரீட்-ஒன்லி ஆப்ஷனும் இந்த ஆஃப்செட்டும் கொடுத்து ஒவ்வொரு பாதியையும் ஒரு லூப் டிவைஸாக (அந்த இடத்திலிருந்து தொடங்கும் தனி டிஸ்க் போலத் தெரிவது) ஆக்குங்கள். இப்போது இரண்டு ஃபைல் சிஸ்டங்கள் தனித்தனியே, எழுத வழியில்லாமல், உங்கள் முன் இருக்கின்றன. இரண்டிலும் எக்ஸ்ட்4-க்கான எஃப்எஸ்சிகேவாகிய இ2எஃப்எஸ்சிகேவை "பார்க்க மட்டும்" ஆப்ஷனோடும் கட்டாயச் சோதனை ஆப்ஷனோடும் ஓட்டி, வெளியீடுகளை ஒப்பிடுங்கள். ஒன்று சுத்தம், ஒன்று கந்தல் என்றால் வழக்கு முடிந்தது.

இரண்டும் சுத்தமாக இருந்து உள்ளடக்கம் மட்டும் வேறுபட்டால் இன்னும் ஒரு படி இறங்க வேண்டும். சிஎம்பி கமாண்டை இரண்டு லூப் டிவைஸ்களின் மேலும் ஓட்டுங்கள். வேறுபடும் பைட்டின் வரிசை எண்ணைச் சொல்லும். பெரிய டிஸ்க் என்றால் மணிக்கணக்கு ஆகும். வேறுபாடு 12885606401-ஆவது பைட்டில் என்று வந்தால், சிஎம்பி ஒன்றிலிருந்து எண்ணுவதால் ஒன்றைக் கழித்து, ப்ளாக் அளவான 4096-ஆல் வகுக்க வேண்டும்: 3145900-ஆவது ப்ளாக். டிபக்எஃப்எஸ்ஸைத் திறந்து ஐசெக் என்று அந்த எண்ணைக் கொடுத்தால் ஐநோட் எண் (ஃபைல் சிஸ்டம் கோப்புக்குக் கொடுத்திருக்கும் உள் எண்) வரும். என்செக் என்று ஐநோட் எண்ணைக் கொடுத்தால் கோப்பின் பெயரே வரும். ப்ளாக் எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லை என்று வந்தால் அது பெரும்பாலும் காலி இடம்; ஐநோட் அட்டவணை போன்ற ஃபைல் சிஸ்டத்தின் சொந்த இடமாக இல்லையென்றால் விட்டுவிடலாம். பெயர் வந்தால் இரண்டு பாதியிலிருந்தும் அந்தக் கோப்பை வெளியே எடுத்துத் திறந்து பாருங்கள். படமோ, ஜிப் கோப்போ என்றால் எது முழுசு என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

நல்ல பாதி எது என்று முடிவானதும், லூப் டிவைஸ்களைக் கழற்றிவிட்டு, நல்ல பாதியை மட்டும் பெயர் சொல்லி அசெம்பிள் செய்து ரன் கொடுங்கள். கெட்ட பாதியைத் திரும்பச் சேர்க்கும்போது ரீ-ஆட் செய்யாதீர்கள். இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். பிட்மேப் (எழுதப்பட்ட இடங்களை எம்டி குறித்துவைக்கும் பட்டியல்) இருக்கும் மிரரில் ரீ-ஆட் என்பது, பிரிந்திருந்த நேரத்தில் மாறியதாகப் பிட்மேப்பில் குறித்த இடங்களை மட்டும்தான் நகலெடுக்கும். உங்கள் வேறுபாடுகள் பிட்மேப்புக்குத் தெரியாமல் நடந்தவை, அப்படியே தங்கிவிடும். கெட்ட பாதியில் எம்டி எழுதிவைத்த அடையாளக் குறிப்பான சூப்பர்ப்ளாக்கை எம்டிஏடிஎம்மின் ஜீரோ-சூப்பர்ப்ளாக்கால் அழித்துவிட்டு, புது டிஸ்க் போல ஆட் செய்யுங்கள். முழு ரீபில்ட் ஓடும். நேரமாகும், ஓடட்டும்.

அறிகுறி: மவுண்ட் ஆகவே மறுக்கிறது

தவறான ஃபைல் சிஸ்டம் வகை, கெட்ட சூப்பர்ப்ளாக் என்று மவுண்ட் சொன்னால் முதலில் ஒரு சின்னக் கேள்வி: நீங்கள் மவுண்ட் செய்வது எம்டி டிவைஸைத்தானா? மிரர் அசெம்பிள் ஆகாமல், பாதியை நேரடியாக மவுண்ட் செய்யப் பார்த்தாலும் இது போன்ற செய்தி வரக்கூடும். வேறு பெயரில், எம்டி127 என்று அசெம்பிள் ஆகியிருக்கவும் கூடும்.

உண்மையிலேயே ஃபைல் சிஸ்டத்தின் சூப்பர்ப்ளாக் (அதன் அளவும் அமைப்பும் எழுதியிருக்கும் தலைப்பகுதி; எம்டியின் சூப்பர்ப்ளாக் வேறு) போயிருந்தால் எக்ஸ்ட்4-க்கு மாற்றுகள் உண்டு. 4 கிலோபைட் ப்ளாக் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தில் வழக்கமாக 32768, 98304, 163840, 229376 ஆகிய ப்ளாக்குகளில் நகல்கள் இருக்கும். இ2எஃப்எஸ்சிகேவுக்கு சூப்பர்ப்ளாக் எண் 32768, ப்ளாக் அளவு 4096 என்று கொடுத்து, முதலில் பார்க்க மட்டும் ஓட்டுங்கள்.

பார்க்க மட்டும் ஓட்டும்போது ஒரு ஏமாற்று உண்டு. ஜர்னலில் மிச்சம் இருந்தால், எழுத அனுமதியில்லாததால் அதைத் தவிர்க்கிறேன் என்று முதல் வரியில் சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகப் பிழை கொட்டும். அதில் பெரும்பங்கு ஜர்னலைத் தீர்த்தாலே காணாமல் போய்விடும். மவுண்ட் ஆகியிருக்கும் ஃபைல் சிஸ்டத்தில் ஓட்டினாலும் இதே கதை. அந்தப் பட்டியலைப் பார்த்துப் பதறி, எல்லாத் திருத்தத்துக்கும் சரி சொல்லும் யெஸ் ஆப்ஷனைக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

எக்ஸ்எஃப்எஸ் என்றால் எஃப்எஸ்சிகே ஒன்றுமே செய்யாது. வெற்றி என்று சொல்லிவிட்டுப் போய்விடும். எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர்தான் கருவி. கட்டமைப்பைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற பொருளில் செய்தி வந்தால் அதை ஓட்டும் நேரம் வந்துவிட்டது. லாக் அழுக்காக இருக்கிறது, மவுண்ட் செய்து தீர்த்துவிட்டு வா என்று அது திருப்பி அனுப்பினால் அப்படியே செய்யுங்கள். மவுண்ட் முடியவே முடியாதபோது மட்டும் பெரிய எழுத்து எல் ஆப்ஷன். அது லாக்கையே அழிக்கும். கடைசியாக நடந்த மாற்றங்கள் அதோடு போகும், சில கோப்புகள் அரைகுறையாக நிற்கும்.

எழுதவிடும் முன்: ஒரு பாதியை உறையவைப்பது

இப்போது டிஸ்க் நலம், கேபிள் நலம், பாதிகள் ஒன்றுபோல இருக்கின்றன, ஃபைல் சிஸ்டம் மட்டும் கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எஃப்எஸ்சிகேவை எழுதவிடலாம். அதற்கு முன் முழு இமேஜ் எடுத்து வைக்க இடம் இருந்தால் எடுங்கள். இடம் இல்லையென்றால், மிரரே உங்களிடம் ஒரு இமேஜ்தான்.

எம்டிஏடிஎம்மில் ஒரு பாதியை ஃபெயில், ரிமூவ் செய்யுங்கள். அந்த டிஸ்க்கின் கேபிளையும் கழற்றிவிடுங்கள். பழுது பார்ப்பதற்கு முந்தைய நிலை அதில் அப்படியே உறைந்து நிற்கும். மிஞ்சிய ஒற்றைப் பாதியில் ஓடும் எம்டி0-வின் மேல் எஃப்எஸ்சிகேவை ஓட்டுங்கள். பழுது நன்றாக முடிந்தால் உறைந்த பாதியைத் திரும்பச் சேர்த்தால் போதும். பாழாகிவிட்டால் எம்டி0-வை ஸ்டாப் செய்து, உறைந்த பாதியை மட்டும் அசெம்பிள் செய்து, தொடங்கிய இடத்துக்கே வந்து வேறு வழி யோசிக்கலாம். இடையில் மாற்றுப் பாதி கிடையாது என்பதால், ஸ்மார்ட் சந்தேகமாக இருக்கும் டிஸ்க்கை வைத்து இதைச் செய்யாதீர்கள்.

இன்னும் பாதுகாப்பு வேண்டுமானால் இ2எஃப்எஸ்சிகேவில் இசட் ஆப்ஷனில் ஒரு அன்டூ கோப்பின் பெயரைக் கொடுக்கலாம். தான் மாற்றிய ப்ளாக்குகளின் பழைய உள்ளடக்கத்தை அதில் சேமிக்கும், இ2அன்டூவால் திருப்பலாம். அந்தக் கோப்பு வேறு டிஸ்க்கில் இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

முடிந்ததும் வெளியேறும் எண்ணைப் பாருங்கள். 0 என்றால் பிழையில்லை, 1 என்றால் திருத்தியாயிற்று, 4 என்றால் இன்னும் மிச்சம் இருக்கிறது, 8 என்றால் கருவியே ஓட முடியவில்லை. 1 வந்தால் மறுபடி ஓட்டி 0 வருகிறதா என்று பாருங்கள். மூன்றாவது தடவையும் புதிதாகப் பிழை முளைத்துக்கொண்டே இருந்தால் நிறுத்திவிடுங்கள். கீழே எதுவோ இன்னும் பொய் சொல்கிறது; ரேம் சோதனையைத் தவிர்த்திருந்தால் இப்போது அதற்கு நேரம்.

அறிகுறி: எல்லாம் சுத்தம் என்கிறது, ஆனால் கோப்புகளுக்குள் குப்பை

எக்ஸ்ட்4-உம் எக்ஸ்எஃப்எஸ்ஸும் கோப்பின் உள்ளடக்கத்துக்குச் செக்சம் (மாறிவிட்டதா என்று சரிபார்க்கும் தொகை) வைப்பதில்லை. எஃப்எஸ்சிகே பார்ப்பது கட்டமைப்பை மட்டும். கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது அதன் வேலை இல்லை. இங்கே பேக்கப்பைத் தவிர வேறு மருந்து கிடையாது.

பிட்டிஆர்எஃப்எஸ்ஸிலும் இசட்எஃப்எஸ்ஸிலும் கதை வேறு. மிரரை அவையே நடத்தினால், எந்தப் பாதி உண்மை என்று செக்சம் சொல்லிவிடும். எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓட்டினால் கெட்டதை நல்லதிலிருந்து திருத்திக்கொள்ளும். பிட்டிஆர்எஃப்எஸ்ஸில் டிவைஸ் ஸ்டாட்ஸ், இசட்பூல் ஸ்டேட்டஸில் செக்சம் பத்தி, இவை இரண்டிலும் எந்த டிஸ்க்கின் எண் ஏறுகிறது என்று பாருங்கள். ஒரு டிஸ்க்கில் மட்டும் என்றால் அந்த டிஸ்க் அல்லது அதன் கேபிள். இரண்டிலும் சரிசமமாக ஏறினால் ரேம், கன்ட்ரோலர், பவர் சப்ளை என்ற வரிசையில் சந்தேகம். திருத்த முடியாத கோப்புகளின் பெயர்களை இசட்பூல் ஸ்டேட்டஸ் வி ஆப்ஷனில் பட்டியலாகவே தரும். அவற்றை மட்டும் பேக்கப்பிலிருந்து எடுத்தால் போதும்.

ஆனால் இவற்றை எம்டி மிரரின் மேல் போட்டிருந்தால் பாதி பலன் போச்சு. அவற்றின் கண்ணுக்கு ஒரே டிஸ்க்தான் தெரியும். பிழையைக் கண்டுபிடிக்கும், மற்றப் பாதியைக் கேட்டு வாங்க வழி தெரியாது.

பிட்டிஆர்எஃப்எஸ்ஸில் செக் ரிப்பேர் என்ற கமாண்டை முதல் முயற்சியாக ஓட்டாதீர்கள். பழுதை அதிகமாக்கக்கூடியது என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. ஒரு டிஸ்க் இல்லாமல் டிகிரேடடாக மவுண்ட் செய்து எழுதியிருந்தால், புதிய டிஸ்க் சேர்த்த பிறகு பேலன்ஸில் ரெய்டு1-க்கு கன்வெர்ட், சாஃப்ட் என்று கொடுத்து ஓட்டுங்கள். இடைக்காலத்தில் எழுதியவற்றில் சில ஒற்றை நகலாகவே இருக்கக்கூடும்.

பழுது முடிந்த பிறகு

லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவில் ஹேஷ் குறியும் ஐநோட் எண்ணும் மட்டுமே பெயராக உள்ள அனாதைகள் சேர்ந்திருக்கலாம். முதலில் அடைவுகளைப் பாருங்கள். ஒரு அடைவு அனாதையானால் அதன் பெயர் மட்டும்தான் போகும். உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் அப்படியே இருக்கும். இரண்டு கோப்புப் பெயரைப் படித்தாலே எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும், பெயர் மாற்றி இடத்தில் வைத்துவிடலாம். தனிக் கோப்புகளுக்கு ஃபைல் கமாண்டால் வகை பாருங்கள். வகை வகையாகப் பிரித்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

உறையவைத்த பாதியை அன்றைக்கே சேர்த்துவிடாதீர்கள். முக்கியமான கோப்புகளைத் திறந்து, டேட்டாபேஸ் இருந்தால் அதன் சொந்தச் சோதனையை ஓட்டி, பேக்கப்போடு ஒப்பிட்டு, காணாமல் போனது எதுவென்று தெரிந்த பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்த நொடியில் பழைய நிலை அழியத் தொடங்கிவிடும். பாதிகள் ஒன்றுபோல இருந்தன என்று முன்பே செக் ஓட்டி உறுதி செய்திருந்தால் ரீ-ஆட் போதும், பிட்மேப் இருந்தால் சீக்கிரம் முடியும். உறுதி செய்யவில்லையென்றால் சூப்பர்ப்ளாக்கை அழித்து முழு ஆட்.

டெபியன் வகைகளில் எம்டிஏடிஎம் தானாகவே மாதத்தின் முதல் ஞாயிறன்று இந்தச் செக்கை ஓட்டும் ஏற்பாடு உண்டு. அது உங்கள் மெஷினில் ஓடுகிறதா, அறிவிப்பு மெயில் நீங்கள் திறக்கும் பெட்டிக்கு வருகிறதா என்று எம்டிஏடிஎம் மானிட்டரின் டெஸ்ட் ஆப்ஷனால் ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பாருங்கள். ரீசிங்க் முடிந்து யூ இரண்டும் வந்ததும் கையால் ஒரு செக் ஓட்டி, மிஸ்மேட்ச் பூஜ்யம் என்று பார்த்துவிட்டு, கேஸின் மூடியை மாட்டுங்கள்.